கடைசி வரிசைக்குப் புது வில்

வில்லில் தேய்க்கும் ரோசின் கட்டியை அவள்தான் எடுத்துக் கொடுத்தாளா, அவளுடைய மாணவி ஜெனிட்டா தானாகவே அவள் பையிலிருந்து எடுத்துக்கொண்டாளா என்பது இப்போது அவளுக்கு நிச்சயமில்லை.

சில நாட்கள், கொடுத்ததாக நினைவு.

சில நாட்கள், பையைத் திறந்து வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டதாக.

பள்ளி இசையறைப் பியானோவின் மேல் இரண்டு இசைத்தாள் கட்டுகள் இருந்தது மட்டும் நிச்சயம்.

ஒன்று இரண்டாம் கிரேடு, எளிதானது. பள்ளியின் வயலின் குழுவில் எல்லோரும் வாசிக்கக்கூடியது. கடைசி வரிசையில் உட்காரும், அவள் சொல்லிக்கொடுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு அதில் விரலே வைக்க வேண்டாம். வெறும் தந்தியில் நீளமாக இழுத்தால் போதும். ஆனால் அந்த இழுப்பு இல்லாமல் அந்த இசை நிற்காது.

மற்றது நான்காம் கிரேடு. டெரன்ஸ் சாரின் முன்வரிசைக்கானது. குழுவை நடத்துபவர் அவர். பள்ளிகளுக்கிடையேயான போட்டியில் நான்காம் கிரேடுக்குக் கீழே வாசித்தால் கோப்பை கிடையாது. சான்றிதழ் மட்டும்.

“கடைசி வரிசையால இத வாசிக்க முடியாது சார்.”

“தெரியும்.”

“அப்ப அவங்கள வீட்டுக்கு அனுப்பிடலாமா?”

“எதுக்கு? மேடை நெறஞ்சு இருக்கணும்ல. வில்லெல்லாம் ஒண்ணா ஏறி இறங்குதான்னு மட்டும் நீங்க பாருங்க மிஸ். சத்தத்த நான் பாத்துக்கறேன்.”

இரண்டாம் கிரேடு கட்டை அவள் பக்கம் தள்ளினார்.

“இத உங்க வீட்ல யாருக்காவது பர்த்டே வந்தா வாசிங்க.”

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறையில், ஒரே பியானோவின் இரு பக்கமும் நின்று, பிள்ளைகள் வழியாகப் பேசினார்கள்.

“உங்க மிஸ்கிட்ட சொல்லு, ஜன்னலச் சாத்தச் சொல்லு.”

அவள் சாத்தவில்லை.

ஒத்திகையில் கடைசி வரிசை கீச்சிட்டது. ஒவ்வொரு முறையும் அவர் கையை இறக்கிவிட்டு அவளைப் பார்ப்பார்.

போட்டியன்று காலை, கடைசி வரிசைக்கு மட்டும் புது வில்கள் வாங்கி வந்திருந்தார்.

பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. வில்லின் வெள்ளை வெளேரென்ற முடியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

“நானே ரோசின் தேய்ச்சு வச்சிருக்கேன். யாரும் தொடக் கூடாது.”

அவர்களிடமிருந்த ரோசின் கட்டிகளை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவள் ஒரு வில்லின் முடியைத் தொட்டாள். பட்டு மாதிரி வழுக்கியது. விரலில் ரோசின் தூசு ஒட்டவில்லை.

ரோசின் படாத புது வில் தந்தியைப் பிடிக்காது. வழுக்கிக்கொண்டு போகும். சத்தம் வராது.

அவளுக்குப் புரிந்ததை அவர் பார்த்தார்.

பிள்ளைகளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், உங்களை யாரும் கேட்க விரும்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவள் சொல்லவில்லை.

மேடைக்குப் பக்கத்து இருட்டில் ஜெனிட்டா வந்து அவள் சேலையை இழுத்தாள். அந்த வரிசையிலேயே சின்னவள். மற்றவர்கள் வில்லை அழகு பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் இழுத்துப் பார்த்திருக்கிறாள்.

“மிஸ், இது பேசவே மாட்டேங்குது.”

மிஸ்ஸின் பைக்குள் தேன் நிறத்தில் ஒரு ரோசின் கட்டி இருந்தது.

அந்த இடத்தில்தான் நினைவு இடறுகிறது.

மேடையில், முன்வரிசை மூச்சளவுக்குத் தணியும் ஓரிடம் வந்தது. பின்னாலிருந்து ஒற்றை வயலின் எழுந்தது. சுருதி விலகி. உரக்க. தான் வாசிப்பதை முதல் முறையாகத் தானே கேட்டவள்போல ஜெனிட்டா நிறுத்தாமல் இழுத்தாள்.

முன்வரிசை தடுமாறியது.

டெரன்ஸ் சாரின் கை காற்றில் நின்றது. அவர் ஜெனிட்டாவைப் பார்க்கவில்லை. திரைக்கருகில் நின்ற அவளைப் பார்த்தார்.

அவளும் கண்ணை எடுக்கவில்லை. அந்த ஒரு கணம் அவளுக்கு இனித்தது. அதில் மட்டும் சந்தேகமே இல்லை.

கோப்பை கிடைக்கவில்லை.

இப்போது டெரன்ஸ் சார் ஓய்வு பெற்று, மகனோடு கோவையில் இருக்கிறார். முன்வரிசைப் பையன் ஒருவன் சினிமாவுக்கு வாசிக்கிறான். அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறாள்.

கடைசி வரிசைப் பிள்ளைகள் வளர்ந்து, ஆளுக்கொரு ஊரில் நன்றாக இருக்கிறார்கள். அன்று தாங்கள் சரியாகத்தான் வாசித்தோம் என்கிறார்கள். ஜெனிட்டாதான் கெடுத்தாள் என்கிறார்கள்.

ஜெனிட்டாவும் அப்படித்தான் சொல்கிறாள். அதற்குப் பிறகு அவள் வயலினைத் தொடவில்லை.