இருபத்தெட்டு டிகிரி

மாதாமாதம் தாம்பரம் லேப்பிலிருந்து கானத்தூர் குப்பத்துக்கு வந்து, படகில் போய் ஐந்து இடங்களில் கடல்நீர் பிடித்துச் சோதிப்பது ஹேமநாத்தின் வேலை. நான்கு பாட்டில்கள் இருபத்தெட்டு டிகிரி காட்டும். மீன்காரி அங்காளம்மாவின் புருஷன் மூழ்கிப்போன இடத்தில் பிடித்தது மட்டும் எட்டு மாதமாக முப்பத்தேழு. ஆள் உடம்பின் சூடு. மேலதிகாரி துருவித் துருவிக் கேட்பாரே என்று அதற்கும் இருபத்தெட்டு என்றே எழுதிவிடுவான்.

இன்று கரையேறியதும் அங்காளம்மா ஓடிவந்தாள்.

"அவரு வூட்டுக்கு வந்துட்டாரு சார்! பேசுறாரு, சோறு துன்றாரு. ஒடம்புதான் ஜில்லுனு கீது. உன் தெர்மாமீட்டர வச்சுப் பாரு சார்."

அவள் வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்திருந்தவன் சிரித்தபடி கையைத் தூக்கினான். ஹேமநாத் அக்குளில் வைத்து எடுத்தான்.

இருபத்தெட்டு.

"எழுதிக்க சார்," என்றான் அவன். "எப்பவும் அதைத்தான எழுதுற?"