தட்டல் வராத பாட்டு

"நிப்பாட்டு பிள்ளை. அந்த மனுசன் திரும்பவும் தட்டுறார்."

சுதர்ஷினி சொல்லி முடிக்கும் முன்பே மகள் கம்ஷிகா வாயை மூடிவிட்டாள். கல்யாணி ராகக் கீர்த்தனை பல்லவியிலேயே நின்றுபோனது. சுவருக்கு அந்தப் பக்கம் டொக் என்று இன்னொரு தட்டு. பிறகு அதுவும் ஓய்ந்தது. சுருதிப் பெட்டி மட்டும் தன்பாட்டில் இரைந்துகொண்டிருந்தது.

ஓர்ஸ் ஹில் பகுதியில் நடுவே ஒரே சுவர் உள்ள இரட்டை வீடு அது. அந்தப் பக்கம் அண்மையில் குடிவந்தவர் முனீப். துறைமுகத்தில் வேலை, இன்றைக்கு இரவு என்றால் நாளைக்குப் பகல். அப்படிப்பட்ட மனிதர் சற்றே கண்ணயரும் நேரம் பார்த்து இந்தப் பக்கம் ஒருத்தி தொண்டையைத் திறந்தால் சுவரில் தட்டாமல் வேறென்ன செய்வார்? சுதர்ஷினிக்கு இதில் துளியும் சந்தேகமில்லை.

அவளைச் சும்மா பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிடவும் கூடாது. பட்டு வந்தவள். முந்தி இருந்த வீட்டில், பாட்டுச் சத்தம் தாங்க முடியவில்லை என்று மேல்மாடிக்காரர் வீட்டுக்காரரிடம் போய் ஓத, சட்டி பானையோடு வெளிக்கிட வேண்டியதாகிவிட்டது. இன்னொரு முறை மூட்டை கட்ட அவளுக்குத் தெம்பில்லை.

ஆனால் பிள்ளை பாடாமலும் இருக்க முடியாதே! சாதாரண தரச் சங்கீதச் செயன்முறைப் பரீட்சை அடுத்த கிழமை. கணக்கும் விஞ்ஞானமும் கம்ஷிகாவுக்கு இழுபறிதான். ஒரு 'ஏ' வருமென்றால் அது சங்கீதத்தில்தான் வரவேண்டும். படிப்பு விடுமுறை என்று பள்ளிக்கூடமும் பூட்டு. எந்தக் கீர்த்தனையைப் பாடப்போகிறாள் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லிச் சங்கீத ரீச்சர் வேறு நெருக்கிக்கொண்டிருந்தார்.

நேரே போய்க் கேட்டுவிட்டால் என்ன என்றாள் கம்ஷிகா.

"என்னண்டு கேக்கிறது? பாடலாமோ எண்டு கேட்டால் முகத்துக்கு நேரை ஓமெண்டுதான் சொல்லுவார். நல்ல மனுசர். பிறகு வீட்டுக்காரரிட்டைப் போய் நிப்பார். ஏலாதம்மா."

ஆகவே, அவருக்குக் கரைச்சல் தராத பாட்டு எதுவென்று தானே கண்டுபிடிக்கத் துணிந்தாள். மோகனத்தில் ஒன்று பாடச் சொன்னாள். இரண்டு வரி போகவில்லை, டொக். வாயை மூடினார்கள். ஹம்சத்வனி சற்றுத் துள்ளலானது, பிடிக்குமாக்கும் என்று பார்த்தால் அதற்கு முன்னதைவிடப் பலமாகத் தட்டினார். சுதர்ஷினிக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. குசினிக்கும் விறாந்தைக்குமாக நடந்தாள், நின்று சுவரில் காதை வைத்தாள், யன்னலைச் சாத்தினாள், புழுக்கம் தாங்காமல் மறுபடி திறந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. மிஸ்ர சாபு தாளத்தில் ரீச்சர் போன மாதம்தான் சொல்லிக்கொடுத்தது. கம்ஷிகா அரைமனதோடு தொடங்கினாள். டொக் என்று ஒரு தட்டு தயங்கித் தயங்கி விழுந்தது. போச்சுடா என்று சுதர்ஷினி கையைத் தூக்குவதற்குள் அந்தப் பக்கம் அடங்கிவிட்டது. பல்லவி முடிந்தது, அனுபல்லவி முடிந்தது, சரணமும் முடிந்தது. சுவர் மூச்சு விடவில்லை!

அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தாள் சுதர்ஷினி.

ரீச்சருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் அவ்வளவாக விரும்பவில்லை. கல்யாணிதானே அவளுக்குத் தண்ணி பட்ட பாடு, இது கொஞ்சம் ஏமாத்துற தாளம், யோசித்துச் செய்யுங்கோ என்றார். யோசித்துத்தான் செய்கிறோம் என்று சுதர்ஷினி பேச்சை முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு பரீட்சை வரைக்கும் அந்த ஒரே பாட்டுத்தான், காலையும் மாலையும். ஒரு தட்டுக்கூட இல்லை.

பரீட்சையன்று காலை ஓட்டோ வாசலில் வந்து நின்றது. வெள்ளைச் சீருடையில் கம்ஷிகா ஏறி உட்கார்ந்தாள். இரவு வேலை முடிந்து, கையில் றொட்டிப் பொட்டலத்தோடு எதிரே வந்தார் முனீப். சுதர்ஷினிக்கு மனம் கேட்கவில்லை. அவரிடம் போனாள்.

"முனீப் நானா, பிள்ளைக்கு இண்டைக்குச் சங்கீதப் பரீட்சை. இவ்வளவு நாளும் உங்கட நித்திரையைக் கெடுத்துப்போட்டம், குறை நினைக்காதேங்கோ."

"என்ன நித்திரை தங்கச்சி?" முனீப் வெட்கத்தோடு சிரித்தார். "எங்கட வாப்பா கிண்ணியாவில றபான் மேளம் அடிக்கிறவர். நல்ல பாட்டுக் கேட்டா என்ட கையும் சும்மா இருக்காது, சுவரில தாளம் போடத் தொடங்கிரும். நான் தட்டத் தொடங்கின உடன மகள் நிப்பாட்டிருவா. அதுதான் ஏனெண்டு எனக்கு விளங்கல்ல."

சுதர்ஷினி ஓட்டோவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே கம்ஷிகா கண்ணை மூடி, அதே பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, இந்தக் கிழமை முழுக்கப் பாடின பாட்டுக்கு ஏன் நானா தட்டயில்லை?"

முனீப் பொட்டலத்தைக் கை மாற்றினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கோவிக்காதீங்க தங்கச்சி, அதுக்கும் தட்டத்தான் பார்த்தன், புள்ளைட தாளம் ஒரு இடத்தில ஓடுது, ஒரு இடத்தில நிக்குது, என்னால பிடிக்கவே ஏலாமப் போச்சு. அதை மட்டும் பரீட்சையில பாட வேணாம் எண்டு சொல்லுங்க."