நான் என்று சொல்பவள்

அந்தச் சர்வதேச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு விதி உண்டு. ‘சாட்சி சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. சாட்சியாகவே மாறி ‘நான்’ என்றுதான் பேச வேண்டும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபடி நவமணி எத்தனையோ பேராக இருந்திருக்கிறாள். அன்று, மகனைப் பறிகொடுத்த ஒரு மலைக்கிராமத்துத் தாயாக இருந்தாள். “வாசல்ல நின்னேன். புள்ளைய லாரியில ஏத்துனாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது.” சாட்சி நிறுத்தியதும் நவமணி மைக்கை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். ஆனால் குற்றம் சாட்டப்பட்ட தளபதியின் ஹெட்போனில் அவளுடைய குரல் நிற்கவில்லை. “லாரியில எங்களைக் கொண்டுபோயி புளியமரத்தடியில பொதைச்சாங்க.” அந்த ஊருக்கே போனதில்லை என்று விசாரணை முழுக்கச் சாதித்தவர் தளபதி, விவரம் பிசகினால் பொறுக்காதவரும்கூட. “புளியமரம் இல்லம்மா, கிணறு! தப்புத்தப்பா சொல்லாத” என்று எரிந்து விழுந்தார். எல்லோரும் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தார்கள். நவமணியின் உதட்டில் தம்ளர் இருந்தது. மைக்கின் சிவப்பு விளக்கு எரியவில்லை. தளபதி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதிலிருந்து இப்போது மலைப்பேச்சில் ஓர் இளைஞனின் குரல் மெலிதாகக் கேட்டது. தாய் எழுந்தாள். காவலர்கள் தடுக்கவில்லை. ஹெட்போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, அதனிடம் தன் மொழியில் ஏதோ சொன்னாள். பழக்கதோஷத்தில் நவமணியின் கை மைக்கைப் போட்டது. தாய் கேட்டதை அவள் தளபதியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“எந்தக் கிணறு, ராசா?”