உலர்ந்த காகிதம்

நீர் சுற்றிவந்து குளிரவைக்கும் கணினிப் பெட்டியொன்றை இளம்பரிதி தானே வரைந்து, கண்ணாடி அறுத்து, குழாய் வளைத்துச் செய்து முடித்திருந்தான். கசிகிறதா என்று பார்க்க ஒவ்வொரு மூட்டின் அடியிலும் டிஷ்யூ காகிதம் வைத்து, காலையிலிருந்து நீரை ஓடவிட்டான். அரைமணிக்கொரு தரம் மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். மாலைவரை பொட்டு ஈரமில்லை. அந்தப் பெருமையில் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு, பக்கத்து அறையில் படுக்கையாகக் கிடக்கும் அப்பாவிடம் காட்டப் போனான். கட்டிலில் உட்கார்ந்ததுமே கால்சட்டை நனைந்தது. மூத்திரப் பையின் குழாய் எப்போதோ கழன்றிருந்தது. விரிப்பில் பரவிய ஈரத்தின் ஓரங்கள் காய்ந்தேபோயிருந்தன.

"கூப்பிட்டிருக்கலாமேப்பா?"

"நீ மும்முரமா இருந்தியே," என்றார் அப்பா. "பெட்டி எங்கயும் ஒழுகலையேப்பா?"

அவன் அந்த உலர்ந்த காகிதத்தைக் கைக்குள் கசக்கி மறைத்துக்கொண்டான்.