கால் கட்டைவிரல் ஆடியது

அப்பா முப்பத்தொன்பது நிமிடமாக அசையவில்லை. அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகன் கதவோரம் நின்றான். உள்ளே போகக் கால் வரவில்லை. இதற்கெல்லாம் காரணம் யார் என்பது அந்த வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"நாப்பது," என்றாள் அம்மா, கையிலிருந்த செல்போனைப் பார்த்து. "போதும், எழுந்திருங்க. விரல் ஆடவே இல்ல."

அப்பா கண்ணைத் திறந்தார். "கண்ணு உருளுச்சா?"

"அதுவும் இல்ல. கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க நாப்பது நிமிஷம் சேர்ந்தாப்ல வாய மூடிக்கிட்டு இருந்தது இன்னிக்குத்தான். இந்த வேஷம் முன்னாடியே கிடைச்சிருக்கக் கூடாதா?"

அப்பா நடிகர். இருபத்தாறு வருடமாகத் தபால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், கூட்டத்தில் மூன்றாவது ஆள் என்று நடித்து, இந்த வருடம்தான் ஒரு டிவி தொடரில் தினசரி வேஷம் கிடைத்திருந்தது. கதாநாயகியின் தகப்பனார். நான்காவது எபிசோடில் மாடிப்படியில் உருண்டு கோமாவுக்குப் போனவர், நூற்றுப்பத்து தாண்டியும் திரும்பவில்லை. வசனம் கிடையாது. ஆனால் எல்லாரும் அவரைச் சுற்றி நின்றுதான் அழுதாக வேண்டும்.

"இதுக்காக ஒரு வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் உக்காந்து பாத்துட்டு வந்தாரு," என்று அம்மா அக்கம்பக்கத்தில் ஒரு வீடு விடாமல் சொல்லியிருந்தாள்.

மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம். 'மூலை சீட்' என்ற பெயரில் இணையத்தில் விமர்சனம் எழுதுகிறவன். கதாநாயகன் நாற்பது பேரை அடித்தும் சட்டை கசங்காத படத்துக்கு, 'இஸ்திரி போட்டவருக்கு விருது கொடுங்கள்' என்று எழுதினான். நடுவர்கள் ருசி பார்ப்பதற்கு முன்பே கண்கலங்கும் சமையல் போட்டிக்கு, 'வெங்காயத்தைத் தள்ளி வையுங்கள்' என்று எழுதினான். மனதில் பட்டதை எழுதுவது அவன் கொள்கை. படிப்பவர்கள் மொத்தம் முப்பது பேர் என்பதால் கொள்கைக்கு இதுவரை பங்கம் வந்ததில்லை.

போன வாரம் அந்தத் தொடருக்கு வந்தான். 'இதில் ஓவராக நடிக்கிற ஒரே ஆள் கோமாவில் இருப்பவர். இமைக்குள் கண் உருளுகிறது, கால் கட்டைவிரல் ஆடுகிறது. நினைவில்லாமல் கிடப்பது எப்படி என்று இவருக்கு யாராவது சொல்லிக்கொடுங்கள். இவ்வளவு செயற்கையான நடிப்பை நான் பார்த்ததில்லை.'

அப்பா என்று தெரிந்தேதான் எழுதினான். வரி நன்றாக வந்திருந்தது. அதை விட்டுவிட மனம் வரவில்லை.

முப்பது பேரில் யாரோ ஒரு புண்ணியவான் கட்டைவிரலை மட்டும் வெட்டி எடுத்து, பாட்டு சேர்த்து, ஊரெல்லாம் சுற்ற விட்டான். இன்று காலை இயக்குநர் போனில் கூப்பிட்டார். "சார், நாளைக்கு ஒரே ஒரு சான்ஸ். மறுபடி விரல் ஆடுச்சுன்னா, டாக்டர் வெளிய வந்து கண்ணாடியக் கழட்டிடுவாரு. அதோட உங்க கேரக்டர் முடிஞ்சுது."

"இன்னொரு ரவுண்டு படுக்கறேன்," என்றார் அப்பா. "அதுக்கு முன்னாடி ஒரு காபி குடு. டிகாக்‌ஷன் தூக்கலா."

"இது நாலாவது," என்று சொல்லிக்கொண்டே அம்மா சமையலறைக்குப் போனாள்.

மகன் உள்ளே வந்தான். காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. இனி சொல்லாமல் இருந்தால் உயிரே போய்விடும்போல் இருந்தது.

"அப்பா, அந்த மூலை சீட் நான்தான்."

அப்பா தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கை நின்றது.

"யாருன்னு தெரியாம எழுதிட்டியா?"

"தெரிஞ்சுதான்பா."

அப்பா கொஞ்ச நேரம் தன் கால் கட்டைவிரலையே பார்த்தார். "நல்லாத்தான் எழுதியிருந்த. யூனிட்ல லைட்மேன் சத்தமா படிச்சுக் காட்டினான். நானும் சேர்ந்து சிரிச்சேன். என்ன பண்றது."

மகன் செல்போனை எடுத்தான். "இப்பவே அழிச்சிடறேன்பா. டைரக்டரப் பாத்து நானே சொல்றேன். எங்கப்பா ஆஸ்பத்திரில ஒரு வாரம் உக்காந்து கத்துக்கிட்டவரு, எனக்குத்தான் நடிப்பப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றேன்."

"ஐயையோ, அதெல்லாம் வேணாம்," என்றார் அப்பா அவசரமாக.

"இல்லப்பா, என்னால உங்க வேல போச்சுன்னா..."

"டேய், உக்காரு."

உட்கார்ந்தான். அப்பா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நீ எழுதினதுல கண்ணு உருண்டது நிஜம். விரல் ஆடினதும் நிஜம். ஒரே ஒரு எடம்தான் தப்பு."

"எதுப்பா?"

"நடிப்பு செயற்கையா இருக்குன்னு எழுதின பாரு, அது."

அப்பா எழுந்து போய்ச் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து, மகன் காதோரம் குனிந்தார்.

"அன்னிக்கு நான் நடிக்கவே இல்லடா. தூங்கிட்டேன்."