பணியில் உள்ளார்

அரசாங்கத்தின் மருத்துவர் பட்டியல் சரிதானா என்று நேரில் போய்ப் பார்த்துவருவது மெஹருன்னிசாவின் வேலை. அந்த மலையூரில் கிளினிக் வைத்திருக்கும் ஒரே மருத்துவர் எஸ்தர், பணியில் உள்ளார் என்று பட்டியலில் இருந்தது. கதவைத் திறந்தவர் எஸ்தரின் அப்பா ஞானப்பிரகாசம்.

"டாக்டர் இருக்காங்களாய்யா?"

"அவ இறந்து நாலு வருஷமாச்சும்மா."

"வருஷாவருஷம் எங்க ஆபீசுக்குப் படிவம் வந்திருக்கே. பணியில் உள்ளார்னு யாரு நிரப்பினது?"

"நான்தான். இறந்துட்டார்ங்கிற கட்டத்துல டிக் போடக் கை வரல."

பட்டியலின்படி மருத்துவர் இருக்கிற ஊர் என்பதால் அரசாங்கம் அங்கே வேறொருவரை அனுப்பவில்லை. அதை எப்படிச் சொல்வதென்று மெஹருன்னிசா தயங்கி நின்றாள்.

"தெரியும்மா" என்றார் அவர். "போன வாரம் எதிர்வீட்டுப் பொண்ணு பிரசவத்துக்குக் கீழ போறப்ப பஸ்லயே வலி வந்துருச்சு. குழந்தை தங்கல. நீங்க எழுதிக்கோங்க."

அவள் பேனாவைத் திறந்தாள். "இறந்த தேதி சொல்லுங்கய்யா."

அவர் சுவரில் தொங்கிய காலண்டரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குன்னே போட்டுக்கோங்கம்மா" என்றார்.