தையற்காரர் அளவுக்குப் படுத்திருக்கிறார்

குளிரூட்டப்பட்ட அறையின் நடுவே, ஒடுங்கிய மேசைமீது, தையற்காரர் மல்லாந்து படுத்திருக்கிறார். புராஸ்டேட் சுரப்பியில் தொடங்கிய புற்றுநோய் இடுப்புக்குள்ளிருக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருப்பதால், சிகிச்சைக் கதிர்வீச்சு இம்மியும் பிசகாமல் அங்கேயே விழவேண்டும். குடல் விலகி நிற்கச் சிறுநீர்ப்பையும் நிறைந்திருக்கவேண்டும். அது நிறைந்து தளும்பிக்கொண்டிருக்கிறது. சுவரிலிருந்து பாயும் பச்சை ஒளிக்கோடுகள், அவர் அடிவயிற்றில் குத்தப்பட்ட மைப்புள்ளிகளின்மேல் மெல்ல வந்து படிகின்றன. அடுத்தவர் போட்ட கோட்டை ஆயுளில் நம்பாத தையற்காரரின் தலை தானாகவே உயர்கிறது. "ஐயா, தலையைத் தூக்கி என்ன பார்க்கிறீங்க?" என்கிறாள் கருவியை இயக்கும் பெண். "கோடு இடப்பக்கம் இழுக்குதும்மா." "நீங்க எழுந்ததாலதான் இழுக்குது. மறுபடியும் முதல்லேர்ந்து வைக்கணும். அடக்க முடியுமா, போயிட்டு வர்றீங்களா? போனா திரும்பத் தண்ணி குடிச்சு, வரிசையில கடைசியா உட்காரணும்." தையற்காரர் பல்லைக் கடிக்கிறார். "வேண்டாம்மா. நீ போட்ட கோட்டுலயே வெட்டு." அவள் சிரிப்பை விழுங்கியவாறு அவர் இடுப்பைப் பற்றி நூலளவு நகர்த்துகிறாள். "அளவெடுக்கும்போது ஆடுறவங்ககிட்ட உங்க கடையில என்ன சொல்வீங்க?" "துணி வீணாப் போனா நான் பொறுப்பில்லைன்னு சொல்வேன்." சொன்ன பிறகே, இன்று துணி தாம்தான் என்பது அவருக்கு உறைக்கிறது. தலை சத்தமின்றித் தலையணையில் அமர்கிறது. அவள் வெளியேற, கனத்த கதவு மூடிக்கொள்கிறது. கருவி உறுமியபடி சுற்றத் தொடங்குகையில், அவருடைய கால் பெருவிரல்கள் இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன.